கறுப்பு வளையத்துக்குள் ஒரு நாரை

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

நான் சுகம். சுகம் என்றால், காது முன்பைவிட மந்தம், கை முன்பைவிட நடுக்கம், மற்றபடி குறைவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? விடுதி அறையில் வெயில் நேராக முகத்தில் இறங்குகிறது என்று எழுதியிருந்தாயே, ஜன்னலுக்குத் துணி கட்டினாயா? போனில் நீ பேசினால் எனக்குப் பாதிதான் விழுகிறது, மீதியை நானே கற்பனை செய்துகொள்கிறேன். அதனால் எழுதியே பதில் போடு.

ஒரு விஷயம். பக்கத்து வீட்டுக் கேப்டன் வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது தன்னுடைய ஒற்றைக் குழாய் தொலைநோக்கியையும் அதன் மூன்று கால் தாங்கியையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். மொட்டை மாடியில் நிறுத்தி, எதிரே இருக்கும் சேற்று வெளியைப் பார்த்தேன். அம்மாடி! கால் மைல் தள்ளி நிற்கிற நாரையின் கண்ணில் மஞ்சள் வளையம் தெரிகிறது. முப்பத்தெட்டு வருடம் பல் செட் செய்கிறேன் என்று பிறர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எதிரே இவ்வளவு நடக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பீரோவில் நீ விட்டுப்போன சின்ன கேமரா கிடந்தது. அதைத் தொலைநோக்கியில் கண் வைக்கிற இடத்தில் ஒட்டிப் பிடித்தால் படம் விழுகிறது. அறுபத்திரண்டு எடுத்தேன். இருப்பதில் சுமாரானதை ஸ்டூடியோவில் அச்சுப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சுற்றிலும் கறுப்பு வளையம், நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ. நாரை என்று நம்பு.

சேதி ஒன்றும் இல்லை.

அன்புள்ள
மாமா


மார்ச் 17

அன்புள்ள மாமாவுக்கு மருமகளின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டியாகிவிட்டது. நீங்கள் மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா, இல்லை தலையணைக்கு அடியில் சேர்த்து வைக்கிறீர்களா?

உங்கள் படத்தை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனேன். கூட வேலை செய்பவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரோட கிட்னி?" என்று கேட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா, குற்றம் நாரையிடம் இல்லை. பட்டனை அமுக்கும்போது கேமரா ஆடிவிடுகிறது. அதில் டைமர் இருக்கிறது, இரண்டு நொடிக்கு வைத்து அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் ஜூம் இழுத்தால் கறுப்பு வளையமும் போய்விடும். கேமரா கண்ணாடியோடு பொருந்தி நிற்க ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். நான் தினமும் நூறு பேரிடம் "மூச்ச இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க" என்று சொல்லிப் பிழைக்கிறவள். ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை எப்போதும்போல் கடைசி வரியிலிருந்துதான் படித்தேன். முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று உங்கள் பிள்ளை வாசற்படி இறங்கி, வரும் ஜூனோடு மூன்று வருடம். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த பிறகு நீங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் "சேதி ஒன்றும் இல்லை" என்ற அந்த வரி இருக்கிறது. அது போதும், மேலே கேட்க நம் இருவருக்கும் ஒன்றும் இருந்ததில்லை.

இப்போது நான் ஒன்று கேட்க வேண்டும். நாலு நாளாக எழுதிக் கிழித்து எழுதுகிறேன். எங்கள் மருத்துவமனை மருந்தகத்தில் ஒருவர் வேலை செய்கிறார். மனைவியை இழந்தவர். தன்னைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை என்னை விட்டுப் போய் இத்தனை நாள் ஆனதால் கோர்ட்டில் மனுப் போட்டுப் பிரிவு வாங்கலாம் என்று வக்கீலம்மா சொல்கிறார்.

வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வேண்டாம் மாமா. இதை உபசாரத்துக்காக எழுதவில்லை.

உங்கள்
மருமகள்


மார்ச் 28

அன்பு மகளுக்கு மாமா எழுதுவது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாத்திரைகள் தலையணைக்கு அடியில் இல்லை, மேஜை இழுப்பறையில்தான் இருக்கின்றன. போட்டுவிடுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. இரண்டாவது தடவை அழுதேன். மூன்றாவது தடவை படிக்கும்போது, நீ மூன்று ஊர்ப் பிணவறைக்குப் போய்த் துணியை விலக்கிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வர எனக்குத் தைரியம் இல்லை. நீதான் வந்து "அவர் இல்ல மாமா, வாங்க போலாம்" என்று என் கையைப் பிடித்து எழுப்பினாய்.

நீ செய்துகொள். நான் மனசாரச் சொல்கிறேன். அவன் போன பிறகும் நீ என் வீட்டில் ஒரு வருடம் எனக்குச் சோறு வடித்துக் கொட்டினாய். இன்னும் எத்தனை நாள் உன்னை வாசலிலேயே நிறுத்தி வைப்பது?

அந்த மனிதரைப் பற்றி எழுது. முக்கியமாகப் பல் எப்படி என்று பார்த்து எழுது. பல்லைப் பார்த்தே நான் ஆளைச் சொல்லிவிடுவேன்.

கேமராவுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. பல் செட்டுக்கு ஊற்றும் இளஞ்சிவப்புப் பிசின் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு வளையம் வார்த்துத் தொலைநோக்கியில் மாட்டியிருக்கிறேன், உன் கேமரா அதில் கச்சிதமாக உட்காருகிறது. கேமராவுக்கு ஈறு கட்டிய முதல் ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். டைமர் போட்டு எடுத்த நாரை இத்துடன். இப்போது கிட்னி மாதிரி இருக்கிறதா என்று அந்தப் பெண்ணைக் கேள்.

சேதி ஒன்றும் இல்லை.

ஆசிகளுடன்
மாமா


ஏப்ரல் 12

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். நாரையை எங்கள் பிரிவில் எல்லோரும் பார்த்தார்கள். கிட்னி என்று சொன்னவள் உங்களிடம் தனக்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தை உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது, எழுதாமல் விட்டால் இன்னும் சின்னதாக இருக்கிறது.

மருந்தகத்துக்காரருக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் கோணல். மற்றதெல்லாம் சொந்தப் பல். மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போது வயதானவர்களிடம் வேளையை மூன்று தடவை சொல்லுவார். நாலாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

மனுப் போட்டாகிவிட்டது. உங்கள் பிள்ளை கடைசியாக இருந்த முகவரி உங்கள் வீடுதான் என்பதால் கோர்ட்டு நோட்டீஸ் அங்கேதான் வரும். ஆள் இங்கே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். உங்களை இதைச் செய்யவைப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு பறக்கிற பறவை அனுப்புங்கள். எல்லாம் நின்றுகொண்டே இருக்கின்றன.

உங்கள்
மருமகள்


மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். போன் இரண்டு தடவை போட்டேன். எடுத்த சத்தம் கேட்டது, பேச்சு இல்லை, வைத்துவிட்டீர்கள். என் கடிதத்தில் ஏதாவது உங்களை வருத்தியதா? அந்த நோட்டீஸ் விஷயமா? ஒரு வரி போதும்.

மருமகள்


மே 18

அன்பு மகளுக்கு,

பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. நோட்டீஸ் வந்தது. நீ சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

படங்கள் ஐந்து வைத்திருக்கிறேன். நாங்கள் இப்போது விடிந்ததும் மாடிக்குப் போய்விடுகிறோம். அப்போதுதான் கானல் ஆடாமல் படம் சுத்தமாக விழுகிறது. நீ சொன்ன டைமர்தான், எல்லாம் அதன் உபயம்.

ஒன்று கேட்க வேண்டும். ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல், இளைத்தும் போயிருக்கிறார். மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் விடவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லதா? கேப்டன் கேட்கச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

மாமா


மே 30

அன்புள்ள மாமாவுக்கு மருமகளின் வணக்கம்.

கடிதம் கண்டு உயிர் வந்தது. நான் நலமே. கேப்டனிடம் கண்டிப்பாக எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டாலும் நெஞ்சில் சளி தேங்கியிருக்கலாம். தள்ளிப்போட வேண்டாம். அவர் மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாரா?

ஐந்து படங்களையும் எக்ஸ்ரே அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நெஞ்சுப் படம் எடுக்க நிற்கிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த உள்ளான் பறவைக் கூட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு அம்மா வெளியே போகாமல் நின்று, "யாரு எடுத்ததும்மா?" என்று கேட்டார். "எங்க மாமா" என்றேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஆகஸ்ட் 21 அன்று பதிவுத் திருமணத்துக்குத் தேதி குறித்திருக்கிறோம், அதற்குள் கோர்ட்டு வேலை முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில். காலை பத்தரை மணி. நீங்கள் வருவீர்கள் என்று மருந்தகத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன். பல் பரிசோதனைக்குத் தயாராக இருப்பதாகச் சொல்கிறார்.

உங்கள்
மருமகள்


ஜூன் 22

அன்பு மகளுக்கு மாமா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன், நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன். நீ பறக்கிற பறவை கேட்டாய். இதைப் பார். நாரை ஒரு மீனைப் பிடித்துத் தலைப்பக்கமாக விழுங்குவதற்காக மேலே தூக்கிப் போடுகிறது. மீன் காற்றில் நிற்கிறது, பார்த்தாயா? வாலிலிருந்து தெறித்த தண்ணீர்கூடத் தெரிகிறது. ஸ்டூடியோக்காரர் இரண்டு பிரதி போட்டு ஒன்றைத் தானே வைத்துக்கொண்டார்.

அந்தப் பதிவுத் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா அம்மா? எனக்குக் காதில் ஏதோ செய்ய வேண்டும் என்கிறார்கள். அதற்காகத்தான். அவசரம் இல்லையென்றால் பார். இல்லையென்றால் பரவாயில்லை. எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஏதோ எழுதுகிறேன்.

வேறு என்ன. மழை இன்னும் வரவில்லை.

மாமா


ஜூலை 1

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

அந்தக் கேமரா என்னுடையது. பட்டனை அமுக்கி அரை நொடி கழித்துத்தான் அது படம் எடுக்கும். எனக்குத் தெரியும், நான் அதில் நூறு படம் தவறவிட்டிருக்கிறேன். மீன் காற்றில் இருக்கும் நொடியை டைமர் போட்டுப் பிடிக்க முடியாது. நாரை மீனைத் தூக்கும் முன்பே, இப்போது தூக்கப்போகிறது என்று தெரிந்து அமுக்கியிருக்க வேண்டும். ஆடாமல் அமுக்கியிருக்க வேண்டும். உங்கள் கையைக் குறை சொல்லவில்லை மாமா, அந்தக் கைக்கு நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டிருக்கிறேன்.

கிரேன் ஓட்டுகிற ஒருவர் எனக்குத் தெரியும். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊஞ்சல்போல ஆடுகிற சுமை எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து, நூல் பிசகாமல் இறக்குவார்.

படத்தைப் பார்த்ததும் உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நாங்கள் மாடிக்குப் போய்விடுகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரைவிட்டுப் போன கேப்டனுக்காக இருமலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மே மாதக் கடிதத்திலும் "சேதி ஒன்றும் இல்லை" என்ற வரி இல்லை, ஜூன் மாதக் கடிதத்திலும் இல்லை. நான் கீழிருந்து படிக்கிறவள் மாமா. எப்படி இதைக் கவனிக்காமல் விட்டேன்? சந்தோஷமாக இருந்ததால் கவனிக்கவில்லை.

அவர் வீட்டில் இருக்கிறாரா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள். நீங்களுமா என்னிடம் மறைப்பீர்கள்?


ஜூலை 9

மகளுக்கு,

ஆம்.

ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை, எவ்வளவு நேரம் நின்றானோ. நான் குப்பை கொட்டத் திறந்தபோது படியில் உட்கார்ந்திருந்தான். தாடியும் முடியுமாக, யாரோ என்று நினைத்து, "என்ன வேணும்பா?" என்று கேட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையை! அவன் "அப்பா" என்றான். அது என் காதில் விழவில்லை. வாய் அசைந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இத்தனை நாளும் வடக்கே ஏதோ ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கட்டி உடைக்கும் வேலை செய்து, அங்கேயே படுத்திருக்கிறான். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு விழுந்ததும் மேஸ்திரி பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். நீ சொன்னபடி எக்ஸ்ரே எடுத்தோம். தேறிவிட்டான். உன்னால் தேறினான் என்று சொல்லலாம்.

முதல் பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வீட்டை விட்டுப் போகும் முன் அவன் ஓட்டிய கிரேனில் சங்கிலி அறுந்து, கீழே நின்ற அந்த மனிதர் செத்தது இவன் தப்பில்லை என்று விசாரணையிலேயே சொல்லிவிட்டார்கள் அல்லவா? அதை நான் சொன்னால், "தெரியும்பா" என்பான். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். ஒரு நாள் மாடியில் என் கை ரொம்ப நடுங்கியது, கேமரா வளையத்தில் உட்காரவே இல்லை. கீழே போய், "கொஞ்சம் வந்து புடிடா" என்றேன். வந்தான். பிடித்தான். அன்றைக்குச் சாயங்காலம்தான் முதன்முதலாக, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று கேட்டான்.

உன் ஏப்ரல் கடிதம் மேஜைமேல் கிடந்தது, படித்துவிட்டான். "நல்ல ஆளாப்பா?" என்று கேட்டான். "கீழ்வரிசைல ஒரு பல்லு கோணலாம்" என்றேன். சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினான்.

"நீ வந்தத அவகிட்ட சொல்றேன்" என்றேன். "சொன்னா நான் கெளம்பிடுவேம்ப்பா. அவளாவது நல்லாருக்கட்டும்" என்றான். அவன் செய்வான், உனக்குத் தெரியும். நோட்டீஸ் கொண்டுவந்தவர் வாசலில் நிற்கிறார், அவன் உள்ளே இருமுகிறான், நான் "இங்கு வசிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் "சேதி ஒன்றும் இல்லை" என்று உனக்கு எழுதப் பேனா ஓடவில்லை. கோர்ட்டுக்குப் பொய் எழுத முடிந்தது, உனக்கு முடியவில்லை.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. வராதே என்று சொல்ல மனசு இல்லை. நீ என்னைத் திட்டி எழுது.

மாமா


ஜூலை 30

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டிலிருந்து விடுதிக்குத் திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உங்களைத் திட்டுவதற்கு, அங்கே வந்த எட்டு மணி நேரப் பஸ் பயணத்தில் நிறைய வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். வாசலில் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு, "சந்தைக்குப் போறேன், மெதுவாத்தான் வருவேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனதும் எல்லாம் மறந்துவிட்டது. மாடியில் என்ன நடந்தது என்று நீங்கள் திரும்பி வந்தும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் பிள்ளை தொலைநோக்கியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "சாப்ட்டியா?" என்றார். மூன்று வருடம் கழித்து, முதல் வார்த்தை அது. நான், "முடி வெட்டப் போனவரு ஏன் திரும்பி வரல?" என்று கேட்டேன்.

"கடையில கூட்டம். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். ஒருத்தர் அவரு பையனுக்கு வெட்டிக் கூட்டிட்டு வந்து, கழுத்துல ஒட்டியிருந்த முடிய ஊதி ஊதித் தட்டிவிட்டாரு. செத்துப்போனவருக்கு ரெண்டு பிள்ளைங்க. அதுங்களுக்கு இத யாரு செய்வாங்கன்னு தோணுச்சு. எழுந்து நடந்தேன். நின்னா திரும்பணும். அதனால நடந்துக்கிட்டே இருந்தேன்."

"என்ன நெனச்சீங்களா?"

"தெனமும்."

"அப்ப ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?"

"மொத வாரமே எழுதியிருக்கணும். எழுதல. ஒரு மாசம் ஆனா, ஒரு மாசம் ஏன் எழுதலன்னும் சேத்து எழுதணும். ஒரு வருஷம் ஆச்சுன்னா… சொல்ல வேண்டியது பெருசாயிட்டே போச்சு."

நான் பிணவறைகளைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது ஊரில் பார்த்தவருக்கு இவருக்கு இருப்பதுபோலவே முழங்காலில் தழும்பு. முகத்தை விலக்கிப் பார்த்து, இவர் இல்லை என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மனிதருக்கும் யாரோ ஒருத்தி இருந்திருப்பாள். அந்தச் சந்தோஷத்துக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன் என்றேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு அது அங்கே வரவில்லை.

வக்கீலம்மா கொடுத்த சம்மதத் தாளை எடுத்து நீட்டினேன். "கையெழுத்துப் போடுங்க. இல்ல, போகாதன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு" என்றேன்.

"போகாதன்னு சொன்னா இருப்பியா?"

"இருப்பேன்."

உண்மையாகத்தான் சொன்னேன் மாமா. கிளம்புவதற்கு முன் மருந்தகத்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "போயிட்டு வாங்க. வராட்டி ஒரு சீட்டு எழுதிப் போட்டுடுங்க, நான் சும்மா காத்துட்டு இருக்கக் கூடாதுல்ல" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அந்தச் சீட்டு எழுதத் தயாராகத்தான் வந்தேன்.

உங்கள் பிள்ளை குனிந்து தாளைப் படித்தார். பிறகு, "நீ இருப்ப. நான் இருப்பேனான்னு எனக்குத் தெரியலையே. இன்னொரு தடவ உன்ன அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் போகவிட முடியாது" என்றார். தாளை வாங்கிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கை ஆடவே இல்லை.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்க்காக நான் காத்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் அழுது முடித்தேன். கோர்ட்டில் தாளைக் கொடுத்தாகிவிட்டது, தேதிக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்கிறார் வக்கீலம்மா. தேதி அதே ஆகஸ்ட் 21. நீங்கள் வர வேண்டும் என்று கேட்கிற உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா?

உங்கள்
மருமகள் (வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை)


ஆகஸ்ட் 24

அன்பு மகளுக்கு மாமா எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். இதை எழுதிவிட்டு ஐந்து நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். திரும்பவும் எழுதுகிறேன். சுகமாக இருக்க வேண்டும்.

நான் வரவில்லை. முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தேன், பஸ்ஸுக்கு இடமும் பிடித்திருந்தேன். காலையில் அவன் சட்டையைப் பார்த்தான். "போயிட்டு வாப்பா. அவளுக்கு ஆளு வேணும்ல. நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்றான். நான் கேட்காமலேயே அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொன்னான் பார், அதனால்தான் நான் போகவில்லை. உனக்கு நல்லது நடக்கிற நேரத்தில், திரும்பி வந்தால் வீடு காலியாக இருக்குமோ என்று நடுங்கிக்கொண்டு உன் பக்கத்தில் நான் நின்றிருக்கக் கூடாது.

பத்தரை மணிக்கு இரண்டு பேரும் மாடியில் இருந்தோம். கானல் ஏறிவிட்டது, படம் எடுக்கிற வெளிச்சம் இல்லை. ஆனாலும் அவன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி குனிந்தே நின்றான். "என்ன தெரியுதுடா?" என்றேன். "ஒண்ணும் தெரியலப்பா" என்றான். பதினொரு மணி வரைக்கும் அப்படியே நின்றான். முதுகு வலித்திருக்கும். நான் குடையை அவன் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனி நான் எழுதப்போவதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கடைசிக் கடிதத்தை அவன்தான் தபால்காரரிடம் வாங்கினான். கேட்டருகிலேயே நின்று உறைமேல் இருந்த உன் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கோ போனான். சாயங்காலம்தான் கொண்டுவந்து கொடுத்தான். பிரிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் பையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறான். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில், "உள்ள வாப்பா, இருட்டுது" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். சட்டைகள் திரும்ப பீரோவில் இருந்தன.

இப்போது பக்கத்துத் தெரு மோட்டார் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். தரையில் நின்று செய்கிற வேலை. இரண்டு வாரமாக ஒழுங்காகப் போகிறான். நேற்று என் காதைப் பரிசோதிக்க அவனே கூட்டிக்கொண்டு போனான். அந்த உறை இன்னொரு தடவை இந்த வாசலுக்கு வந்தால் தாங்குவானா என்று தெரியவில்லை. நீ எனக்கு எழுதாமல் இருக்க வேண்டும் அம்மா. உன்னை இதைக் கேட்கிற நிலைமைக்கு நான் வந்துவிட்டேன். உன் கல்யாணத்துக்கு மூன்றாம் நாள், நான் உனக்குக் கொடுக்கிற சீர் இதுதான்.

எனக்கு மகள் இல்லை என்று உன் மாமியார் இருந்த காலத்தில் குறைப்பட்டுக்கொள்வேன். நீ வந்த பிறகு அப்படி நினைத்ததே கிடையாது. அவன் போய்விட்டான், நீ மட்டும் என்னோடு இருந்த அந்த ஒரு வருடம் இருக்கிறதே, சொல்லக் கூடாது, அதில் சில நாட்கள் நான் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கிறேன்.

உன் மருந்தகத்துக்காரரிடம் அந்தக் கோணல் பல்லைப் பிடுங்கவேண்டாம் என்று சொல். இருக்கட்டும். அவரிடம் சண்டை போடு, சிரி, வேளைக்குச் சாப்பிடு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, மாத்திரையை இப்போது அவன் எடுத்துக் கொடுக்கிறான்.

என்ன உறவைச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதென்று எனக்கும் தெரியவில்லை. பழக்கத்தை விட முடியாது, மாமா என்றே போடுகிறேன்.

பதில் போடாதே. போட்டால் நான் படித்துவிடுவேன்.

மாமா